கியோட்டோவில் அப்பாவை அழைத்த மணி

ஆகஸ்ட் மாதம் பாதி நெருங்கும்போது எங்கள் ஆய்வுக்கூடம் காலியாகிவிடும். மற்ற நாட்களில் இரவு பதினொரு மணிக்கும் அங்கே விளக்கு எரியும். ஓபோன் வந்ததும் ஒவ்வொருவராகச் சொந்த ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். ஓபோன் அரசு விடுமுறைகூட இல்லை, வழக்கம்தான். ஜப்பானில் பெரும்பாலான இடங்களில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை முன்னோர்கள் வீட்டுக்கு வந்து தங்குவதாக நம்பிக்கை. அவர்கள் வரும்போது பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டாமா?

அப்பா தவறியபோது நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு திரும்ப வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒவ்வொரு மாதமும் கணக்கில் உண்டு. துக்கத்துக்கு அதில் இடமில்லை. ஆடி அமாவாசைக்கு அண்ணன் பாபநாசம் போய், தாமிரபரணியில் மூழ்கி எழுந்து தர்ப்பணம் கொடுக்கிறான். வாட்ஸ்அப்பில் படம் வரும். எனக்கு அது போதவில்லை.

எங்கள் துறை அலுவலகத்தில் வேலை பார்க்கும் அம்மையார் கியோட்டோவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். "ரொக்குதோ சானுக்குப் போங்கள், யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம்" என்றார். கியோட்டோக்காரர்கள் சின்னோஜி கோயிலை அப்படித்தான் சொல்கிறார்கள். கியோமிசு கோயிலுக்குப் போகும் வழியில், கடைத்தெருக்களுக்கு நடுவே இருக்கும் சிறிய கோயில். ஆகஸ்ட் 7 முதல் 10 வரை, ஓபோனுக்கு முன்பே, முன்னோரை அழைக்க ஊரே அங்கே திரளும்.

9ஆம் நூற்றாண்டில் அரசவையில் இருந்த கவிஞர் ஓனோ நோ தக்கமுரா, பகலில் அரச வேலையையும் இரவில் இந்தக் கோயில் கிணற்றின் வழியே இறங்கி எம்மாவின் சபையில் வேலையையும் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. எம்மா வேறு யாருமில்லை, நம் எமன்தான். பௌத்தத்தோடு சீனா வழியாக இங்கே வந்தவர். சிவந்த முகத்தோடு கோயிலில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் லேசானது. அந்நிய இடத்தில் நிற்கிறோம் என்ற கூச்சம் போய்விட்டது.

வாசலில் கோயாமாகி என்ற ஊசியிலை மரத்தின் கிளைகள் விற்கிறார்கள். அழைக்கப்பட்டவர் அந்த இலையில் ஏறித்தான் வீட்டுக்கு வருவாராம். உள்ளே மெல்லிய மரத்தகட்டில் இறந்தவரின் பெயரை எழுதித் தருகிறார்கள். எழுதியவர் அப்பாவின் பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, தூரிகையால், வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தான கதகனாவில் எழுதினார். மை காயும்வரை நான் அந்தத் தகட்டை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி நின்றேன்.

அடுத்தது மணி. மணி கண்ணுக்குத் தெரியாது. மூடிய மண்டபத்தின் சுவரில் ஒரு துளை, அதிலிருந்து வெளியே வரும் ஒரு கயிறு, அவ்வளவுதான். கயிற்றை நம் பக்கமாக இழுக்க வேண்டும், வாசலில் தயங்கி நிற்பவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுப்பதுபோல. தாத்தாவைப் படத்தில் மட்டுமே அறிந்த என் மகளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஓசை எங்கோ தரைக்கு அடியிலிருந்து வந்தது. அப்புறம் தகட்டை ஊதுபத்திப் புகையில் காட்டி, இறந்தவர்களைக் காக்கும் பௌத்தத் தெய்வமான ஜிசோவின் சிலைகளுக்கு முன் வைத்து, கோயாமாகி இலையால் தண்ணீர் தெளித்தோம். எள்ளும் தண்ணீரும் இறைக்கும் அண்ணனை நினைத்துக்கொண்டேன்.

வந்தவர்களை வழியனுப்புவது 16ஆம் தேதி. இரவு எட்டு மணிக்கு நியோயிகதாகே மலைச்சரிவில் 'பெரிய' என்று பொருள்படும் எழுத்தை நெருப்பால் எழுதுகிறார்கள். அதன் ஒரு கோடு மட்டும் 160 மீட்டர் நீளம். அடுத்தடுத்து மற்ற நான்கு மலைகளிலும் தீ ஏறும். கமோ ஆற்றங்கரையில் கூட்டத்தோடு நின்று பார்த்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டி மலையை நோக்கிக் கைகூப்பியிருந்தார். நானும் கூப்பினேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் போனில் சொன்னேன். "எள்ளு கிடைக்குமாய்யா அங்க?" என்றுதான் முதலில் கேட்டார்கள். எந்தக் கடையிலும் கறுப்பு எள் கிடைக்கும் என்றேன். சிறிது நேரம் கழித்து, "அடுத்த வருசம் நானே வந்து அந்தக் கயித்தை இழுக்கேன்" என்றார்கள்.

அம்மாவின் பாஸ்போர்ட்டுக்கு அண்ணன் விண்ணப்பித்துவிட்டான். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த கியோட்டோவில் ஆகஸ்ட் புழுக்கம் மிகக் கடுமை. முழங்கால் வலியோடு அம்மாவால் அந்த வரிசையில் வெகுநேரம் நிற்க முடியாது. அதனால் 7ஆம் தேதி காலையிலேயே போய்விடலாம் என்கிறாள் மனைவி.