அவ்வளவுதானா, சேர்?

இலங்கையில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக 1848இல் எழுந்த கலகம் பற்றிய பாடத்தை வருடக்கணக்காக ஒரே ஒழுங்கில்தான் நடத்தி வருகிறேன். வரிகள், மாத்தளை, இராணுவச் சட்டம், கடைசியாக பிரித்தானியப் பாராளுமன்ற விசாரணை. 1850இல் ஆளுநர் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார் என்று கரும்பலகையில் எழுதி முடித்தபோது முன்வாங்குப் பிள்ளை கேட்டாள்: "அவ்வளவுதானா, சேர்?"

"அவ்வளவுதான் பிள்ளை. ஆனா ஒரு ஆளுநரையே கூண்டில ஏத்தாத குறையா கேள்வி கேட்டவை. அது சின்ன விஷயமில்லை" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கிவிட்டாள்.

நான் சொன்னது பொய்யில்லை. நாய்க்கு ஒரு சிலிங், துவக்குக்கு இரண்டரைச் சிலிங் என்று வரி போட்டு, ஆறு நாள் தெருவேலை செய், இல்லாவிட்டால் 3 சிலிங் கட்டு என்று சொன்ன ஆட்சி அது. ஜூலை 29இல் கண்டியில் இராணுவச் சட்டம் வந்தது. கலகம் சில நாளிலேயே அடங்கிவிட்டது. சட்டம் ஒக்டோபர் 10 வரை நீடித்தது. அரச தரப்பில் ஒரு சிப்பாய்க்குக் காயம். மறுபக்கம், இராணுவ நீதிமன்றத் தீர்ப்பில் மட்டும் 18 பேர் கொல்லப்பட்டார்கள். கலகத் தலைவர்களில் ஒருவரான கொங்காலேகொட பண்டாவின் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மரணதண்டனை 100 கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் குறைந்தது, தூக்கிலிருந்து தப்பினார். இராணுவ நீதிமன்றத்துக்குப் போன இன்னொரு தலைவர் புரன் அப்புவுக்கு அந்த வழி இருக்கவில்லை.

குடாபொல தேரர் என்ற பௌத்த பிக்குவைக் காவியுடையோடே சுட்டார்கள். முதல்நாள் செல்பி ஆளுநரிடம் போய்த் தண்டனையைத் தள்ளிவைக்கும்படி கேட்டிருக்கிறார். செல்பி அரசாங்கத்தின் தலைமைச் சட்ட அதிகாரி, கலகக்காரர் பக்கத்து ஆளில்லை. ஊரிலுள்ள புரொக்டர்மார், அதாவது வழக்கறிஞர்கள், எல்லாரும் வந்து நிரபராதி என்று சொன்னாலும் நாளைக் காலை அவர் சுடப்படுவார் என்று டொரிங்டன் பதில் சொன்னதாகப் பிறகு சாட்சியம் வந்தது. விசாரணை என்று ஒன்று நடந்திருக்காவிட்டால் அந்த அறைக்குள் பேசியது வெளியே வந்திருக்குமா? அதனால்தான் எனக்கு அந்த விசாரணை பெரிது.

ஆனால் அவளுக்கு நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. டொரிங்டன் அப்போதைய பிரதமர் ரசலின் உறவினர். ஊர் திரும்பிச் சில வருடத்தில் விக்டோரியா மகாராணியின் அரண்மனையிலேயே அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. அது வாயில் வந்தது, விழுங்கிவிட்டேன். பாடத்திட்டத்தில் இல்லை என்பது காரணமில்லை. பாடத்திட்டத்தில் இல்லாத எத்தனையோ சொல்கிறேன்.

விசாரணை ஆணைக்குழு என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. காணாமல் போனவரின் படத்தைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சாட்சி சொல்ல முறை வரும்வரை காத்திருந்த அம்மம்மாமார் அந்த வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், விசாரித்தார்கள், பதிந்தார்கள், அப்புறம் அந்த ஆளுக்கு நல்ல வேலையும் கொடுத்தார்கள் என்று ஒரே மூச்சில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாட்சி சொல்வதே வீண் என்று பதினாறு வயதில் ஒரு பிள்ளை முடிவு கட்டக்கூடாது.

குடியியல் ரீச்சரிடம் இதைச் சொன்னேன். "அந்த முடிவுக்கு அவள் ஏற்கெனவே வந்திட்டாள் சேர். அதாலதான் அப்பிடிக் கேட்டவள். நீங்கள் முழுசாச் சொல்லியிருந்தா, தான் நினைச்சது பிழையில்லை எண்டாவது தெரிஞ்சிருக்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. நம்பிக்கையை நாங்கள்தானே கொடுக்க வேண்டும் என்றேன். "மறைச்சுக் குடுக்கிறதையா?" என்று கேட்டார். மணி அடித்துவிட்டது.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் பக்கமும் இருக்கிறது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அடுத்த தவணையில் இதே பாடம் திரும்ப வருகிறது. செல்பி போய்க் கேட்டதை இந்த முறை கட்டாயம் சொல்வேன். அரண்மனை உத்தியோகத்தையும், யாராவது கேட்டால் சொல்வேன். யாரும் கேட்காவிட்டால் நானாகச் சொல்வேனா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.