பொசான்யோவில் ஒரு வெள்ளைக் கூடம்

"அப்பா, இந்த அக்காவுக்கு அம்மை போட்டிருக்கா?"

மகள் சத்தமாகத்தான் கேட்டாள். நல்லவேளை, அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சுதைச் சிலையின் கன்னம், தோள், முழங்கால் என்று உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளிகள். அழுக்கில்லை, ஆணி! சின்னச் சின்ன உலோக ஆணித்தலைகள்.

வட இத்தாலியில் பொசான்யோ என்ற சின்ன ஊர். சிற்பி அந்தோனியோ கனோவா 1757இல் பிறந்தது இங்கேதான். முதலில் களிமண்ணில் வடிப்பார், அதை அச்செடுத்துச் சுதையில் வார்ப்பார்கள். அப்புறம் இந்த ஆணிகளை அடித்து, ஒன்றுக்கொன்று உள்ள தூரத்தைக் கவராயத்தால் அளந்து பளிங்குக்கு மாற்றுவார்கள். முரட்டு வேலை உதவியாளர்களுக்கு, கடைசி இழைப்பு கனோவாவுக்கு.

பளிங்கெல்லாம் காசுள்ளவர்களிடம் போய்விட்டது. 1822இல் அவர் இறந்தபின், ரோம் பட்டறையில் மிஞ்சிய சுதைகளைத் அவர் தம்பி (அம்மா ஒன்று, அப்பா வேறு) ஊருக்குக் கொண்டுவந்தார். அவற்றுக்காகவே 1830களில் எழுப்பிய கூடம் இது. 1917இல் போர்க்குண்டு விழுந்து பல சிலைகள் நொறுங்கின. ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

ரோமில் கனோவா வடித்த பளிங்குச் சிலையை, நெப்போலியனின் தங்கை பவோலினாவைப் பார்த்தபோது அழகு என்று நகர்ந்துவிட்டேன். இங்கே அரைமணி நேரம் நின்றேன். வேலை கண்ணுக்குத் தெரிகிறதே, அதனால் இருக்கலாம்.

மகள் ஒரு மூக்கில் மட்டும் ஆணிகளை எண்ண ஆரம்பித்தாள். காவலர் முறைத்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாலேயே எண்ணினாள்.