தாத்தாவின் நோட்டில் காந்தி கையெழுத்து: அசல் என்று உறுதி செய்வதற்குள்

அசல்தான் என்று ஒருவழியாக உறுதியாகிவிட்டது. ஆனால் அலையவிட்டவர்களை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

பாளையங்கோட்டை வீட்டைப் பங்கு வைக்கும்போதுதான் தாத்தாவின் ஆட்டோகிராப் நோட்டு வெளியே வந்தது. 1934-ல் ஹரிஜன நிதிக்காக (தாழ்த்தப்பட்ட மக்களுக்காகத் திரட்டிய நிதி) காந்தி இந்தப் பக்கம் வந்தபோது வாங்கியது என்று ஆச்சி சொல்வாள். என்ன விலை போகும் என்று சித்தப்பா கேட்டார்.

ஜங்ஷன் பக்கம் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒருவரிடம் போனேன். நோட்டைக் கையில்கூட வாங்கவில்லை. போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "அச்சு மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி. வேணும்னா அசல்னு சர்டிபிகேட் போட்டுத் தாரேன்" என்று ஒரு தொகை சொன்னார். சந்தேகப்படுகிறவரே காசு கொடுத்தால் அசல் என்று எழுதித் தருவாராம். தாளைத் தொட்டுப் பார்க்காத யாருடைய சான்றிதழுக்கும் பத்து பைசா கொடுக்காதீர்கள்.

அடுத்து ஓர் அரசு அலுவலகம். "வாங்கினதுக்கு ரசீது உண்டா?" என்றார் எழுத்தர். கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கி நிதியில் சேர்ப்பது காந்தியின் வழக்கம். அதற்கு ரசீதை இப்போது எங்கே போய்த் தேட? அதிகாரி கேம்ப், திங்கட்கிழமை வாங்க என்றார்கள். திங்கட்கிழமை போனால் அது எங்க செக்‌ஷன் இல்லை என்றார்கள். மனுவைக் கையில் வாங்கவே இல்லை.

அதனால் நாமே பார்க்க முடிந்ததைப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸ் போதும். அதே நோட்டில் ஒரு சினிமா நடிகரின் கையெழுத்திட்ட போட்டோ இருந்தது. லென்ஸில் அந்தக் கையெழுத்து முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது, அதாவது அச்சு. காந்தியின் கையெழுத்தில் நிப்பு அழுந்திய இடத்தில் கோட்டின் இரு ஓரமும் கருத்திருந்தது, கோடுகள் வெட்டும் இடத்தில் மை கூடியிருந்தது. பார்த்து வரைந்த கையெழுத்தில் வேகம் இருக்காது, நடுவில் பேனாவைத் தூக்கிய இடமும் நடுக்கமும் தெரியும். இதில் அது இல்லை. பால்பாயின்ட் பேனா உலகச் சந்தைக்குப் பரவலாக வந்ததே 1945-க்குப் பிறகு. 1934 கையெழுத்து பால்பாயின்டில் இருந்தால் போலிதான், அதற்குமேல் பார்க்க எதுவும் இல்லை. கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கையும் அடித்துப் பார்த்தேன். பிற்காலத் தாள் என்றால் பளிச்சென்று நீலமாக மின்னும், அதில் வெளுப்பு ரசாயனம் சேர்ப்பார்கள். எங்கள் தாள் மங்கலாகவே கிடந்தது.

கடைசியில் சந்தேகத்தைத் தீர்த்தது நோட்டில் கையெழுத்துக்கு எதிரே இருந்த பக்கம். மதுரையில் ஓய்வுபெற்ற கையெழுத்து நிபுணர் ஒருவர் நோட்டை மெல்லப் பிரித்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கையெழுத்துக்கு நேர் எதிரே, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்ட மெல்லிய பழுப்புத் தடம். ஈரம் காயுமுன் நோட்டை மூடியிருக்கிறார்கள்! யாரும் தாளைப் பிற்காலத்தில் கொண்டுவந்து ஒட்டவில்லை, இந்த நோட்டிலேயே போட்ட கையெழுத்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1930-களின் காந்தி கடிதங்களோடு ஒப்பிட்டு அவர் அறிக்கை எழுதித் தந்தார். ஒப்பிடும்போது ஒரு கவனம் தேவை: காந்தி பல மொழிகளில் கையெழுத்திட்டவர், வலது கை களைத்தால் இடது கையால் எழுதியவர். எங்கோ அச்சான ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு போலி என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

விலை விஷயம் சித்தப்பா நினைத்த அளவு இல்லை. நிதிக்காக காந்தி ஏராளமாகக் கையெழுத்திட்டிருக்கிறார். வெறும் கையெழுத்தைவிட, விஷயமுள்ள கடிதத்துக்குத்தான் மதிப்பு. என்னைக் கேட்டால், நம் பக்கத்தில் தேட வேண்டியது வ.உ.சி.யின் கையெழுத்து. 1936-ல் மறைந்தவர், கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வக்கீலாக இருந்தவர். வீட்டில் அந்தக் காலத்து வழக்குக் கட்டு இருந்தால் பிரித்துப் பார்க்காமல் எடைக்குப் போடாதீர்கள்.

லேமினேஷன் செய்யச் சொல்வார்கள், கூடவே கூடாது. சூட்டில் மையும் தாளும் கெடும், பிறகு உரிக்கவும் முடியாது. வெளிநாட்டில் நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்று ஒருவர் இப்போது போன் செய்துகொண்டிருக்கிறார். 75 வருடம் தாண்டிய வரலாற்று ஆவணத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டம் இடம் கொடுக்காது. அவருக்கும் அதையே சொல்லிவிட்டேன்.