பின்னிஷ் வினைகளோடு ஒரு குளிர்காலம்

ஜனவரி 9

பின்லாந்தின் மொழியான பின்னிஷைக் கற்கிறேன். பாடநூல் வினைகளை ஆறு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை சுலபம். ‘புஹுவா’ என்றால் பேசுவது. கடைசி உயிரை எடுத்துவிட்டு ‘ன்’ சேர்த்தால் ‘புஹுன்’, பேசுகிறேன். இரண்டாம் வகை ‘டா’ என்று முடியும்: ‘யுவோடா’ குடிப்பது, ‘யுவோன்’ குடிக்கிறேன். மூன்றாவதில் ‘துல்லா’ (வருவது), ‘துலென்’ (வருகிறேன்).

ஜனவரி 12

நான்கு, ஐந்து, ஆறு மூன்றுமே ‘தா’வில்தான் முடிகின்றன. அதற்கு முன்னால் நிற்கும் உயிரைப் பார்க்க வேண்டும். இகரம் என்றால் ஐந்து: ‘தர்விதா’ (தேவைப்படுவது), ‘தர்வித்சென்’. எகரம் என்றால் ஆறு: ‘வன்ஹெதா’ (வயதாவது), ‘வன்ஹெனென்’. மற்றவை நான்கு: ‘ஹலுதா’ (விரும்புவது), ‘ஹலுவன்’. ஆனால் ‘செல்விதா’ இகரம் இருந்தும் ‘செல்வியன்’ என்று நான்காம் வகைபோல நடக்கிறது. இதை மனப்பாடம்தான் செய்யணும்.

ஜனவரி 20

‘நுக்குவா’ தூங்குவது. தூங்குகிறேன் என்னும்போது ‘நுகுன்’, இரட்டைக் ககரம் ஒற்றையாகிறது. ‘தவதா’ (சந்திப்பது) நேர் எதிர்: ‘தபான்’ என்று வகரம் பகரமாக வலுக்கிறது. ஒன்று மெலிய, மற்றது ஏன் வலுக்கிறது?

விடை அசையில் இருக்கிறது. அசை மெய்யில் முடிந்தால் அதன் தொடக்கத்தில் உள்ள வல்லெழுத்து மெலியும். ‘நுகுன்’ ன்-இல் முடிகிறது, மெலிந்தது. ‘நுக்கூ’ (தூங்குகிறார்) உயிரில் முடிவதால் மெலியவில்லை. ‘தபான்’ சொல்லின் ஆகாரம் உண்மையில் இரண்டு அகரங்கள்; அவற்றுக்கு நடுவே முன்பு ஒரு மெய் இருந்ததாம். அப்போது ‘ப’ திறந்த அசை, அதாவது உயிரில் முடியும் அசை. மெய் போய்விட்டது, பகரம் அப்படியே நின்றுவிட்டது. ‘தவதா’விலோ பழைய வடிவத்தில் தகரம் இரட்டித்து அசையை மூடியிருந்தது. ஒரே விதிதான் இரு திசையிலும் வேலை செய்கிறது! இதைப் பாடநூல் முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 3

இந்த ஆறு வகை அயல்நாட்டு மாணவர்களுக்கான ஏற்பாடு. பின்லாந்தின் மொழி நிறுவனமான கோதுஸ் வெளியிடும் சொற்பட்டியலில் வினைகளுக்கு 52 முதல் 78 வரை 27 வகை எண்கள். அத்தனை எதற்கு என்றால், ‘ஒஸ்தா’ (வாங்குவது), ‘அந்தா’ (கொடுப்பது) இரண்டும் நமக்கு முதல் வகை. இறந்தகாலத்தில் ‘ஒஸ்தின்’, ‘அன்னொயின்’ என்று பிரிந்துவிடுகின்றன. முதல் அசையில் ஒகரமா அகரமா என்பதுதான் வித்தியாசம்.

பிப்ரவரி 11

புதுச் சொற்களைக் கவனித்தேன். கூகுளில் தேடுவது ‘கூக்லதா’, ‘கூக்லான்’: நான்காம் வகை. ஸ்கேன் செய்வதும் அப்படியே. ‘அனலுசொய்டா’ (பகுத்தாய்வது) போன்றவை இரண்டாம் வகைக்குப் போகின்றன. அதனால் புதிதாகப் படிக்க வருபவர்கள் நான்காம் வகையில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பேன்.