பிரிந்தால் நீங்களே தைத்துத் தருவீர்களா?

கைவினைப் பொருள் வாங்கச் சொல்லி வரும் வேண்டுகோள்களில் பெரும்பாலும் ஒரு பரிதாபத் தொனி இருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. நல்ல தச்சருக்கும் தோல் வேலைக்காரருக்கும் நம் பரிதாபம் எதற்கு? அவர்களுக்கு வேலை வேண்டும். அதிலும் ஆசைக்கு ஒன்று வாங்கிவிட்டுப் போகிறவரைவிட, தேய்ந்ததை எடுத்துக்கொண்டு திரும்ப வருகிறவர்தான் வேண்டும்.

அதனால் எந்தக் கடையிலும் வாங்குவதற்கு முன் நான் கேட்பது ஒரே கேள்வி: "இது பிரிந்தால் நீங்களே சரிசெய்து தருவீர்களா?" தானே செய்து விற்பவர் உடனே பொருளைத் திருப்பிக் காட்டி, எங்கே முதலில் தேயும், எதை மாற்றினால் போதும் என்று பேச ஆரம்பித்துவிடுவார். எங்கிருந்தோ மொத்தமாக வாங்கி 'கைவேலை' என்று சீட்டு ஒட்டியவர் உத்தரவாதக் காலத்தைப் பற்றிப் பேசுவார்.

ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் தைப்பவர்கள் மேல்தோலையும் உள் அடியையும் சேர்த்து, விளிம்பைச் சுற்றி ஒல்லியான தோல் பட்டை ஒன்றை வைத்துத் தைப்பார்கள். தரையில் படும் 'சோல்' பகுதியை அந்தப் பட்டையோடு தனியாக இன்னொரு தையல் போட்டு இணைப்பார்கள். இடையில் இருக்கும் பள்ளத்தில் தக்கையை நிரப்புவார்கள். போடப் போட அது நம் பாதத்தின் வடிவத்துக்கு அமுங்கிக்கொள்ளும். சோல் தேய்ந்துபோனால் அந்த இரண்டாவது தையலை மட்டும் அறுத்துவிட்டுப் புது சோல் வைத்துத் தைத்தால் போதும், மேல்தோலைத் தொடவே வேண்டாம். பசையில் ஒட்டி வார்த்த ஷூக்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. சோல் போனால் ஷூவே போயிற்று.

ஆனால் அந்த இரண்டாவது தையலைப் போட ஆள் இருக்க வேண்டுமே! பிரிட்டனில் கைத்தொழில்களுக்காக இயங்கும் ஓர் அமைப்பு 2017இல் அழியும் தொழில்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கையால் கிரிக்கெட் பந்து செய்வதும் சல்லடை செய்வதும் அங்கே 'அற்றுப்போனவை' என்று அதில் இருந்தன. அப்புறம் சல்லடை வேலையைச் சிலர் திரும்பக் கையிலெடுத்ததால், அது 'அபாய நிலையில்' என்ற வரிசைக்கு வந்தது. அபாயம்தான், ஆனாலும் ஒரு படி மேலே.

பரம்பரைக் கடை என்றால் அது தானாக நிலைத்துவிடும் என்று நினைக்கிறோம். ஜப்பானில் கோயில் கட்டும் கொங்கோ குமி நிறுவனம் கி.பி. 578இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். மூத்த மகனுக்குத் திறமை போதாவிட்டால் மருமகனுக்குக் குடும்பப் பெயரைக் கொடுத்துப் பொறுப்பில் உட்கார வைத்த குடும்பம் அது. (பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனால் 'பரம்பரை போச்சே' என்று வெளியாட்கள் நாம் புலம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.) 1,400 ஆண்டுகளைத் தாண்டிய அந்தத் தனி நிறுவனம் 2006இல் இன்னொரு பெரிய கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போனது. தச்சர்களின் கை சோர்ந்துபோகவில்லை. நிலத்தில் போட்ட பணமும் அதற்கு வாங்கிய கடனும்தான் கழுத்தை நெரித்தன.

சின்னக் கடைகளுக்கும் கையில் புரளும் காசுதான் உயிர். மரமும் தோலும் நூலும் முதலிலேயே வாங்கியாக வேண்டும். கூலி வருவதோ பொருளைக் கொடுத்த பிறகு. ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே முன்பணம் கொடுத்துவிடுங்கள். பத்து படம் எடுத்துக்கொண்டு போய் இணையத்தில் மலிவாகத் தேடுவதற்கு அந்தக் கடையைப் பயன்படுத்தாதீர்கள். சொன்ன தேதியில் தராமல் இழுத்தடிப்பார்கள், உண்மைதான், எனக்கும் கோபம் வரும். அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம், ஒன்றும் தப்பில்லை.

புதிதாக எதுவும் வாங்கக்கூடத் தேவையில்லை. கைப்பிடி ஆடும் கத்தியோ கால் ஆடும் நாற்காலியோ வீட்டில் இல்லாமலா போகும்? கொண்டுபோய்க் கேளுங்கள். கூலி சொன்னால் பேரம் பேசாமல் கொடுங்கள். சரிசெய்ய முடியாது என்றால் ஏன் என்று கேளுங்கள். விற்றவர் நம்மிடம் சொல்லாமல் விட்டது பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும்.