ஓடாத எலி எந்தக் கணக்கில்?

“அப்படியானால் நாம் சோதிப்பது ஓட்டத்தையா மேடம், சக்கரத்தையா?”

என் மாணவி கேட்ட இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியானதுதான். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அடையாறு சிக்னலில் பஸ் நிற்கும்போது அந்த வாதத்தை மனதுக்குள் மறுபடி நடத்திப் பார்க்கிறேன். பெரும்பாலும் அவளே ஜெயிக்கிறாள்.

விஷயம் சின்னது. ஓட்டம் மூளையில் புதிய செல்களைப் பெருக்குகிறதா என்று சுண்டெலிகளில் பார்த்துக்கொண்டிருந்தோம். சக்கரம் வைத்த கூண்டுகளில் ஒரு சுண்டெலி ஓடவில்லை. மற்றவை விளக்கணைந்ததும் ஏறி, விடிவதற்குள் சில கிலோமீட்டர் ஓடிவிடும். இதன் சக்கரச் சுற்றுகளை எண்ணும் கருவி அசையவில்லை. சக்கரம் இறுகியிருக்கிறதோ என்று பார்த்தோம், இல்லை. சோதனை விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் அனிமல் ஹவுஸ் அண்ணன்தான் சொன்னார்: “உடம்புக்கு ஒன்றுமில்லை மேடம். பஞ்சை இழுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்துக்குள்ளேயே கூடு கட்டியிருக்கிறது. ராத்திரி முழுக்க அதே வேலை.”

அதைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்றாள் மாணவி. நான் மறுத்தேன். எந்த எலிக்கு எந்தக் கூண்டு என்று சீட்டுப் போட்டுப் பிரித்தவர்கள் நாம். பிடிக்காததைப் பிறகு வெளியே எடுத்தால் சீட்டுக்கு என்ன மரியாதை? ‘சக்கரம் தரப்பட்ட குழு’ என்றுதானே எழுதியிருக்கிறோம், ‘ஓடிய குழு’ என்று எழுதவில்லையே என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி வந்தது. சக்கரத்தைத்தான் என்றேன்.

இந்தத் துறையில் எல்லோரும் 1999இல் சால்க் ஆய்வகத்தில் வான் பிராக், கெம்பர்மன், கேஜ் மூவரும் செய்த சோதனையில்தான் தொடங்குவோம். சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகளின் மூளையில், நினைவோடு தொடர்புள்ள டென்டேட் கைரஸ் என்ற பகுதியில், பிழைத்திருந்த புதிய செல்கள் ஏறத்தாழ இருமடங்காயின. தண்ணீரில் நீந்த வைத்தவற்றில் அந்த உயர்வு இல்லை. விரும்பிச் செய்தால்தான் மூளை வளரும் என்று உடனே சொல்லத் தோன்றும். நானே மேடையில் அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனால் நீச்சல் சில நிமிடம், ஓட்டமோ இரவெல்லாம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

“விருப்பம் முக்கியமில்லை என்றால் டிரெட்மில்லே போதுமே, ஓடாத எலி என்ற பிரச்சினையே வராதே” என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. 2008இல் லெஷரும் ஜோன்ஸும் வெளியிட்ட ஆய்வில், கட்டாயமாக ஓட வைத்த எலிகளுக்குத் தானாக ஓடியவற்றைவிடப் புதிய செல்கள் அதிகமாகவே பிழைத்திருந்தன. ஆனால் வெற்றுப் பெட்டியில் விட்டு நடமாட்டத்தைக் கவனிக்கும் ‘திறந்தவெளி’ச் சோதனையில் அவைதான் அதிகப் பதற்றம் காட்டின. அதற்கு முன்பே, 2003இல், தலைமுறை தலைமுறையாக ஓட்டப் பித்துக்கென்றே தேர்ந்து வளர்த்த சுண்டெலிகளை ரோட்ஸ் குழுவினர் ஆராய்ந்தார்கள். ஓடியவற்றில் புதிய நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், பெருகின. கற்றல் மட்டும் மேம்படவில்லை. ஆகவே செல்லை எண்ணிவிட்டு ‘நல்லது’ என்று எழுதிவிட முடியாது. சக்கரம்தான் நேர்மையான வழி. ஓடாமலிருக்க வழியில்லாத எலி ஓடினால் அதை விருப்பம் என்று எப்படிச் சொல்வது? ஓட மறுத்ததையும் கணக்கில் வைத்தால்தான் விருப்பத்தைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி.

நன்றாகத்தான் பேசியிருக்கிறேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. சக்கரம் இறுகியிருந்தால் அதே எலியைத் தயங்காமல் நீக்கியிருப்பேன். கருவியின் பழுது என்று ஒரு வரி எழுதியிருப்பேன். இரண்டிலும் எலி ஓடவில்லை, மூளைக்கு ஓட்டம் கிடைக்கவில்லை. பிறகு எதைக் காப்பாற்ற அத்தனை பிடிவாதம்?

மாணவியும் சக்கரத்தில்தானே இருந்தாள் என்று ஒரு நண்பர் சிரித்தார். அந்த ஒப்பீடு எனக்குப் பிடிக்கவில்லை. அவளிடம் நான் வாரந்தோறும் அறிக்கை கேட்டது உண்மைதான், எல்லா நெறியாளர்களும் கேட்பதுதான். நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் சுற்றுபவர்களில் எத்தனை பேர் விரும்பி வருகிறார்கள், எத்தனை பேர் டாக்டருக்குப் பயந்து வருகிறார்கள்? நடந்தால் மூளை வளருமா என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டால், நடங்கள் மாமி என்று மட்டும் சொல்கிறேன். வயது வந்த மனிதர்களுக்குப் புதிய நியூரான் உண்டா என்பதிலேயே 2018இல் ஒரு குழு இல்லை என்றது, இன்னொரு குழு உண்டு என்றது.

ஆய்வேட்டில் அவள் இரண்டு கணக்கும் போட்டாள், அந்த எலியோடும் அது இல்லாமலும். இரண்டாவதை வெட்டச் சொன்னேன். வெட்டவில்லை, பின்னிணைப்புக்கு மாற்றினாள். நானும் கையெழுத்துப் போட்டேன். வாய்மொழித் தேர்வில் இதைத்தான் கேட்பார்கள் என்று இருவரும் தனித்தனியே பதில் தயாரித்து வைத்திருந்தோம். தேர்வாளர், புதிய செல்களை அடையாளம் காட்டும் ஆன்டிபாடியை எந்த அளவுக்கு நீர்க்கச் செய்தோம் என்று மட்டும் கேட்டார்.