பெட்டி ஏன் கொதிக்கிறது?

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் பழைய அரிசி ஆலைகளுக்கு மோட்டார் வேலைக்குப் போனால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். "ஏன் தம்பி, இந்தப் பெட்டி இப்படிக் கொதிக்குதே, கரண்டு பில்லு இதுலதான் ஏறுதா?" பெட்டி என்று முதலாளி சொல்வது ஸ்லிப்ரிங் மோட்டாரின் ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டன்ஸை. மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டரோடு வளையங்கள் வழியாக வெளியே இணைத்திருக்கும் மின்தடை அது. ஸ்டார்ட் பண்ணும்போது ஹேண்டிலை நாட்ச் நாட்ச்சாக, அதாவது படிப்படியாகத் திருப்பி அதைக் குறைத்து, கடைசி நாட்ச்சில் முழுவதும் விலக்கிவிட வேண்டும்.

ஸ்டார்ட் பண்ணும்போது வரும் சூட்டால் பில் ஏறாது. சாஃப்ட், புல்லி, பெல்ட் என்று நின்றுகிடக்கும் பாரத்தை முழு வேகத்துக்குக் கொண்டுவர எவ்வளவு ஆற்றல் அதில் ஏறுகிறதோ, கிட்டத்தட்ட அதே அளவு ரோட்டர் பக்கம் சூடாகப் போயே தீரும். நெல் சுமை இல்லாமல் ஸ்டார்ட் பண்ணும்வரை, ரெசிஸ்டன்ஸைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த மொத்தம் மாறாது. சூடு எங்கே வருகிறது என்பதுதான் மாறும். பெட்டி இல்லையென்றால் எல்லாம் மோட்டாருக்குள்ளேயே. பெட்டி இருந்தால் பெரும்பங்கு வெளியே, காற்றுப்படும் வார்ப்பிரும்புத் தகடுகளான கிரிட்டில்.

நிமிடத்துக்கு 1500 சுற்று மோட்டார், சுழலும் பாரத்தை வேகமெடுக்க வைப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லும் நிலைமத் திருப்புத்திறன் 20 கிலோகிராம் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஸ்டார்ட்டுக்குச் சுமார் 247 கிலோஜூல். அதாவது 0.07 யூனிட். காசாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் அது 10 விநாடியில் இறங்குகிறது. அந்த நேரத்துக்குப் பெட்டி ஏறக்குறைய 25 கிலோவாட் ஹீட்டர்.

ஒரு ஸ்டார்ட்டோடு நின்றால் சரி. அறுவடை நேரத்தில் கரண்டு போய்ப் போய் வரும். உமி நீக்கும் ஹல்லரில் நெல் அடைத்துக்கிடக்க, அப்படியே ஹேண்டிலைத் திருப்புவார்கள். 415 வோல்ட்டுக்கு 350 வந்தால் மோட்டாரின் முறுக்குவிசை வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்து 71 சதவீதம்தான். பாரம் மெதுவாக ஏறும், பெட்டி கூடுதல் நேரம் வாங்கிக்கொள்ளும். ஆறுவதற்குள் அடுத்த ஸ்டார்ட். கிரிட் தகடு சிவந்து வளைந்து, தாங்கும் பீங்கான் விண்டுபோனதை ஒரு ஆலையில் பார்த்தேன். அங்கே மோட்டார் காயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெட்டி வாங்கிக்கொண்டது.

முதலாளி கேட்டதில் நியாயம் இருக்கும் இடம் வேறு. "ஆம்பியர் கம்மியா காட்டட்டும்" என்று ஹேண்டிலைக் கடைசி நாட்ச்சுக்குத் தள்ளாமல் நடுவிலேயே விட்டு ஓட்டும் பழக்கம் ஆலை மோட்டாரை இயக்கும் சில டிரைவர்களுக்கு உண்டு. வேகம் 15 சதவீதம் குறைந்து ஓடினால், ரோட்டருக்குப் போகும் 30 கிலோவாட்டில் 4.5 சூடாகவே போகும், அதில் பெரும்பங்கு பெட்டியில். எட்டு மணி நேரத்துக்கு 36 யூனிட். அதோடு இது கொஞ்ச நேர ஸ்டார்ட்டுக்குச் செய்த பெட்டி, நாள் முழுக்கத் தாங்காது.

அதனால் ஆலைக்குள் போனதும் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் பெட்டிக்கு மேலே கையை நீட்டிப் பார்ப்பேன். மோட்டார் ஓடி ஒரு மணி நேரம் ஆகியும் அனல் அடித்தால், "ஹேண்டில் எங்க நிக்குதுன்னு பாருங்கய்யா" என்பேன்.